வீட்டு வைஃபை தகராறு: சில வருடங்களில் எனக்குக் கைகொடுத்தவையும் கைவிட்டவையும்

நெட் நின்றால் எல்லார் வீட்டிலும் நடக்கும் முதல் வேலை, ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது. பாதி நேரம் சரியாகியும் விடும். அதனால்தான் இந்த வைத்தியம் எனக்குப் பிடிப்பதில்லை. ரவுட்டர் மறுபடி எழும்போது கோளாறின் தடயம் போய்விடுகிறது. பல மாடல்களில், நடந்ததை ரவுட்டர் குறித்துவைக்கும் லாக் பக்கமே காலியாகிவிடும். மறுநாள் அதே தொல்லை திரும்ப வரும், கையும் அதே சுவிட்சுக்குப் போகும். வீட்டு நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. வாங்கிப் போட்ட எந்தக் கருவியையும்விட, ரீஸ்டார்ட்டைக் கடைசிக்குத் தள்ளிய பழக்கம்தான் அதிகம் உதவியிருக்கிறது.

முதலில் செய்வது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோ. ஒன்று ரவுட்டரின் முகவரியைத் தொடர்ந்து பிங் செய்யட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. இன்னொன்று வெளியே, கூகுளின் சர்வரான 8.8.8.8-ஐ. இரண்டையும் ஓரமாக ஓடவிட்டு வழக்கமான வேலையைப் பார்க்கலாம். ரவுட்டரின் பதில் சாதாரணமாகச் சில மில்லி விநாடிகளில் வந்துவிடும். தடங்கல் வரும் நேரத்தில் அந்த எண்ணே 200, 400 என்று எகிறினாலோ, பதிலே வராமல் போனாலோ கோளாறு வீட்டுக்குள்தான், அநேகமாக வைஃபையில். ரவுட்டர் 2, 3 என்று நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் பேசாமல் போனால் கோளாறு அதற்கு அப்பால், அநேகமாக லைனில். இரண்டும் ஒழுங்காக ஓடியும் தளங்கள் திறக்கவில்லையா? தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம். ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த விவரம் கையில் இருந்தால் சேவை மையத்தோடு பேசுவதும் சுருங்கும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" என்று தொடங்குபவரிடம், "ரவுட்டர் வரைக்கும் பதில் வருது, அதுக்கு அப்புறம்தான் போகல" என்று சொன்னால் பேச்சு நேரே லைனுக்கு வந்துவிடும்.

வைஃபை மேல் பழி விழுந்து, கடைசியில் வைஃபைக்குச் சம்பந்தமே இல்லாமல் முடிந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, வேகம். ஸ்பீடு டெஸ்ட் எங்கே வைத்து எடுத்தாலும் 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை. லைனின் வேகமோ அதைவிட மிக அதிகம். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றாலும் 94தான். வைஃபை இப்படி நடந்துகொள்ளாது. ஏறும், இறங்கும், ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்காது. ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளைத் தொட்டுப் பார்த்தால், பிளக்கின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஒத்துப்போய்விடும். அதில் ஒவ்வொரு தரவுத் துண்டோடும் ஒட்டிவரும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது 94 சொச்சம். கேபிளை மாற்றியதும் தீர்ந்தது. அன்றிலிருந்து யாராவது "94க்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்றால் நான் ஆன்டெனாவைப் பார்ப்பதில்லை, கேபிளைத்தான் கேட்கிறேன்.

இரண்டாவது, மாலை நேரங்களில் மட்டும் மொத்தமாக நெட் போய், ஓரிரு நிமிடத்தில் தானாகத் திரும்பி வருவது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், எவ்வளவு நேரமாக அது இயங்குகிறது என்று ஒரு சின்ன வரி இருக்கும். யாரும் தொடாத ரவுட்டர் பத்து நிமிடமாகத்தான் ஓடுகிறேன் என்று சொன்னால், அது சிக்னல் கோளாறு இல்லை, ரவுட்டரே விழுந்து எழுகிறது. காரணம் பழைய பவர் அடாப்டர். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதானால், எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டைப் பயன்படுத்தி ரவுட்டர் அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்ட்டேஜ் தாழும். புது அடாப்டர் போடும்போது வோல்ட்டேஜும் முனையின் பிளஸ், மைனஸ் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது.

நிஜமான வைஃபை கோளாறுகளுக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எப்போதும் நெரிசல்தான். அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அக்கம்பக்கத்து ரவுட்டர்களோடு புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். ரவுட்டரின் பின்னால் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் இதே அலைவரிசையில் இரைச்சல் போடும். வைஃபை அனலைசர் செயலி ஒன்றில் நெரிசலைப் பார்த்து மூன்றில் ஒன்றைக் கையால் வைத்துவிட்டு, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன். ஸ்பீடு டெஸ்ட்டில் எண் கொஞ்சம் இறங்கியது, துண்டிப்பு நின்றது. இந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். கான்கிரீட் சுவரில்தான் சீக்கிரம் சோர்ந்துவிடும். அதில் ஒரு விசித்திரம் உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் சிக்னல் என்று ரவுட்டர் சந்தேகப்பட்டால் உடனே அந்த இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அதே வகையிலான இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்த பிறகுதான் பேசலாம். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் திடீரென்று மறைந்து சற்று நேரத்தில் வருகிறது என்றால் இதுவாக இருக்கலாம். 36 முதல் 48 வரைக்குள் நிறுத்திவிட்டேன், அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சிக்னல் கோடுகளை நம்புவதையும் விட்டாயிற்று. மூன்று கோடு என்பது ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு கணக்கு. சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் எண்ணை (பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது) அனலைசர் செயலியில் பார்க்கலாம்: வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் கவலை இல்லை, மைனஸ் 80க்குப் போனால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, ரவுட்டரைத்தான் நகர்த்த வேண்டும்.

நகர்த்த முடியாத இடத்துக்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கியவன் நான். பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட எரிச்சல், போன் பழைய சிக்னலையே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. எதோடு இணைவது என்ற முடிவு ரவுட்டருடையது இல்லை, போனுடையது. இப்போது அந்த அறைக்குக் கேபிள் இழுத்து, முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தரும் பெட்டி) வைத்திருக்கிறேன். துளை போட்ட தூசியைத் தவிர வேறு குறை இல்லை. ரவுட்டர், ஆக்சஸ் பாயிண்ட் இரண்டின் சிக்னல் பவரையும் கொஞ்சம் குறைத்தபின் போன்களும் தயங்காமல் மாறுகின்றன.

மிகத் தாமதமாக எனக்குத் தெரியவந்தது, ஆனால் எல்லாவற்றிலும் பெரிய பலன் தந்தது ஒன்று உண்டு. ஒருவர் போனிலிருந்து படங்கள் மேலே ஏறத் தொடங்கினால் இன்னொருவரின் வீடியோ அழைப்பு உடையும். சிக்னல் நன்றாக இருக்கும், வேகமும் இருக்கும். அப்போது பிங்கைப் பார்த்தால் 15 மில்லி விநாடி இருந்தது 800க்குப் போயிருக்கும். ஒரே கவுண்டரில் பெரிய மூட்டையோடு நிற்பவருக்குப் பின்னால் ஒரு கடிதத்தோடு நிற்பவர் மாட்டிக்கொள்வதுபோல, குரலைச் சுமக்கும் சின்னத் தரவுத் துண்டுகள் (பாக்கெட்டுகள்) பதிவேற்ற வரிசைக்குப் பின்னால் சிக்குகின்றன. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். சில ரவுட்டர்களிலும், ரவுட்டரில் ஏற்றக்கூடிய ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளிலும் இதற்கு எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கிறது. லைன் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வைத்து அதை இயக்கினால், வரிசையை ரவுட்டரே ஒழுங்குபடுத்தும். உச்ச வேகம் கொஞ்சம் போகும். வேகமான லைனாக இருந்து ரவுட்டரின் சிப் சோப்ளாங்கியாக இருந்தால் இன்னும் அதிகம் போகும், அதையும் கவனிக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்: ஸ்மார்ட் பிளக், பல்பு வகையறாக்கள் பெரும்பாலும் 2.4 மட்டுமே பேசும்; வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய சாதனங்கள் சேரவே சேராது, டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறை போதும். 2019, 2020க்குப் பிறகு ஆண்ட்ராய்டும் ஐபோனும் மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடையாள எண்) மறைத்துப் பொய் முகவரி காட்டுகின்றன. உண்மையான முகவரியை வைத்து ரவுட்டரில் போட்ட நேரக் கட்டுப்பாடு வேலை செய்யாததற்கு அது காரணமாக இருக்கலாம்.

பிரிண்டர் ஒன்றுதான் இன்றுவரை வழிக்கு வரவில்லை. தூங்கி எழுந்தால் நெட்வொர்க்கை மறந்துவிடுகிறது. அதற்கான நெட்வொர்க் முகவரியை (ஐபி) நிரந்தரமாக ஒதுக்கினேன், அதன் உள் மென்பொருளை (ஃபர்ம்வேர்) புதிதாக ஏற்றினேன், 2.4க்குத் தனிப் பெயரும் வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் அதற்கும் கேபிள் போட்டாயிற்று.