யூஎஸ்பி வழியாக இரண்டு மானிட்டர்: டிஎல்-6950 டாக் வாங்கலாமா?

கடையில் "யூஎஸ்பி டு எச்டிஎம்ஐ" என்று கேட்டால் கைக்கு வருவது மூன்றில் ஏதோ ஒன்று. லேப்டாப்பின் கிராபிக்ஸை அப்படியே வெளியே கொண்டுவரும் டைப்-சி ஹப் ஒன்று. தனக்கென ஒரு சிப் வைத்துக்கொண்டு படம் காட்டும் டாக் (ஒரே கேபிளில் பல போர்ட் தரும் பெட்டி) இன்னொன்று. மூன்றாவது கேப்சர் கார்டு. விரல் நீளத்தில், ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் எச்டிஎம்ஐ என்று பார்க்க அசல் அடாப்டர் மாதிரியே இருக்கும். ஆனால் அது படத்தை உள்ளே வாங்குகிற சாமான். கேமராவைச் செருகலாம், செட்டாப் பாக்ஸைச் செருகலாம். மானிட்டரைச் செருகினால் இருட்டுதான். டிவைஸ் மேனேஜரில் வெப்கேம் மாதிரி தெரிகிறதா? திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே பார்ப்பது இரண்டாவது வகை: டிஸ்ப்ளேலிங்க் டிஎல்-6950 சிப் உள்ள டாக்குகள். டிஸ்ப்ளேலிங்க்கை 2020-ல் சினாப்டிக்ஸ் வாங்கிவிட்டது. டிரைவர் தேடும்போது சினாப்டிக்ஸ் தளத்துக்குத்தான் போக வேண்டும். பெட்டி மேல் எந்த பிராண்டு இருந்தாலும் சிப் ஒன்றென்றால் படமும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை வித்தியாசம் போர்ட் எண்ணிக்கையிலும், டாக்கே லேப்டாப்பை சார்ஜ் செய்யுமா என்பதிலும் இருக்கிறது.

இந்தச் சிப் இரண்டு 4கே மானிட்டர்களை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பித்து) ஓட்டும், அதுவும் சாதாரண யூஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து. கணக்குப் போட்டால் இது நடக்கவே கூடாது. 1080பி திரை ஒன்றுக்கு, 60 ஹெர்ட்ஸில், நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் தரவு வேண்டும். 4கே என்றால் 12. இரண்டுக்கு 24. யூஎஸ்பி 3.0-ன் வேகமோ மொத்தமே 5 ஜிகாபிட். எப்படி முடிகிறது என்றால், திரையில் எது மாறியதோ அதை மட்டும் எடுத்து, லேப்டாப்பின் சிபியு சுருக்கி அனுப்புகிறது. டாக்கில் உள்ள சிப் விரித்துக் காட்டுகிறது. நல்லதும் கெட்டதும் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

எக்செல், மெயில், கோட் எடிட்டர், டேலி: இவற்றில் திரை பெரும்பாலும் அசையாமல் நிற்கும், அனுப்ப ஒன்றுமில்லை. நேரடி கேபிளில் போட்ட மானிட்டருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. நீளமான பக்கத்தை வேகமாகத் தள்ளும்போது சில சமயம் எழுத்துகள் ஒரு கணம் கலங்கி, கை நின்றதும் தெளியும். முழுத்திரையில் வீடியோ ஓட்டினால் சிபியு ஏறும், பழைய ஐ3 லேப்டாப் என்றால் ஃபேன் சத்தமே சொல்லிவிடும். கேம்? வேண்டவே வேண்டாம். வீடியோ எடிட்டிங், கலர் திருத்தம் செய்பவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

விண்டோஸ் 10, 11 இரண்டும் இணையம் இருந்தால் டிரைவரைத் தானே இறக்கிக்கொள்ளும். இருந்தாலும் முதலில் டிரைவர், பிறகு டாக்கின் பவர், கடைசியில் யூஎஸ்பி கேபிள் என்ற வரிசையில் போடுங்கள். படம் திணறினால் முதலில் போர்ட்டைப் பாருங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினாலும் இது வேலை செய்துவிடும், அதுதான் வம்பு. வேகம் 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்; மவுஸ் ஒரு பக்கம், விண்டோ ஒரு பக்கம் என்று இழுபடும். நீல நாக்கு அல்லது எஸ்எஸ் குறி உள்ள போர்ட்டில், நடுவில் வேறு ஹப் இல்லாமல், டாக்குடன் வந்த கேபிளிலேயே போடுங்கள். பயாஸ் திரை (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) மட்டும் இதில் வரவே வராது, டிரைவர் ஏறிய பிறகுதான் உயிர் வரும்.

இந்த டாக் காசுக்கு உண்மையில் தகுவது மேக்புக் ஏர்காரர்களுக்கு. எம்1, எம்2 சிப் உள்ள ஏர் இரண்டும் வெளியே ஒரு மானிட்டருக்கு மேல் தராது. எம்3 இரண்டு தரும், ஆனால் லேப்டாப்பை மூடி வைக்க வேண்டும். எம்4-ல்தான் அந்தக் கட்டுப்பாடு போனது. ஆக எம்1, எம்2-வில் இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால் இந்த மாதிரி தனிச் சிப் உள்ள டாக்தான் வழி. டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் ஆப்பைப் போட்டு, ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுக்க வேண்டும். திரையை யாரோ பதிவு செய்கிறார்கள் என்று மேக் காட்டும். பயப்பட வேண்டாம், அந்த ஆப் படத்தை எடுப்பதே அந்த வழியில்தான். பதிவு செய்யவிடாமல் பூட்டிய வீடியோ இந்த வழியில் வராது, அதனாலேயே சஃபாரியில் நெட்ஃபிளிக்ஸ் கறுப்பாகத் தெரியும்.

லினக்ஸில் உபுண்டுக்கு அதிகாரபூர்வ டிரைவர் உண்டு. கெர்னல் (லினக்ஸின் உள்மையம்) அப்டேட் வரும்போதெல்லாம், டிரைவரில் அதோடு ஒட்டும் பகுதியான ஈவிடிஐ மாட்யூல் மறுபடி கட்டப்பட வேண்டும், புதிய கெர்னலுக்கு அது தயாராகவில்லை என்றால் மானிட்டர் காலி. செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாததை ஏற விடாத பாதுகாப்பு) இயங்கினால் மாட்யூலுக்குக் கையொப்பச் சாவியும் பதிய வேண்டும். இன்ஸ்டால் முடிந்து ரீபூட் ஆகும்போது அந்தச் சாவியைப் பதியக் கேட்டு வரும் நீலத் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டுப் பிறகு புலம்புபவர்கள் அதிகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். லேப்டாப்பின் டைப்-சி போர்ட் அருகே டிபி (டிஸ்ப்ளேபோர்ட்) குறியோ தண்டர்போல்ட் மின்னலோ இருந்தால், அல்லது மாடலின் விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியாகவே படம் அனுப்பும் வசதி) என்றிருந்தால், மிகக் குறைந்த விலையில் ஒரு ஹப் போதும். டிரைவரும் வேண்டாம், சிபியு சுமையும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஒன்றுதான். விலை குறைந்த ஹப்கள் டைப்-சி-யில் உள்ள நான்கு லேனில் (தரவுப் பாதையில்) இரண்டை யூஎஸ்பி 3.0-க்குக் கொடுத்துவிடுவதால், டிபி 1.2 என்ற பழைய பதிப்பு உள்ள லேப்டாப்பில் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், மவுஸ் தத்தித் தத்திப் போகும். பெட்டியில் "4கே" என்று மட்டும் போட்டிருந்தால் 30 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜர் டைப்-சி கேபிள் இதற்கு ஆகாது. பெரும்பாலானவற்றில் படம் போக வேண்டிய கம்பிகளே கிடையாது.

செகண்ட் ஹேண்டில் ஆபீஸ் டாக் வாங்குகிறவர்கள் அதன் பவர் அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்கள். லேப்டாப்பையும் சார்ஜ் செய்கிற மாடலில் 130 வாட் அடாப்டர்கூட இருக்கும். தனியாக அதைத் தேடப் போனால் டாக்கில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். யூஎஸ்பி-ஏ கேபிளில் போட்டால் எந்த டாக்கும் லேப்டாப்பை சார்ஜ் செய்யாது, அதற்கு டைப்-சி வேண்டும்.