எல்விஎம் கேஷ்: பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு எஸ்எஸ்டி திண்ணை

கும்பகோணம் பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோக்களில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் திணறுவது புதிதல்ல. லினக்ஸில், அந்த டிஸ்க் ஏற்கெனவே எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால், அடிக்கடி தொடும் டேட்டாவின் நகலை வேகமான எஸ்எஸ்டியில் வைக்கும் எல்விஎம் கேஷ்தான் நல்ல தேர்வு. ஃபைல் சிஸ்டத்தை அழிக்க வேண்டாம், அன்மவுன்ட்கூட வேண்டாம். இதே வேலையைச் செய்யும் இன்னொரு லினக்ஸ் வசதியான பிகேஷ் அப்படியில்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில் தனக்கென இடம் கேட்கும். இருக்கும் டேட்டாவோடு அதைப் பொருத்துவது தலைவலி.

காலியான 240 ஜிபி எஸ்எஸ்டியை பிவிகிரியேட் கட்டளையால் எல்விஎம்முக்குத் தயார் செய்து, விஜிஎக்ஸ்டெண்டால் ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே வால்யூம் குரூப்பில் (டிஸ்க்குகளின் தொகுப்பு) சேர்த்துவிடுங்கள். எல்விகிரியேட்டில் கேஷுக்காக 200 ஜிபி ஒதுக்கும்போது கட்டளையின் கடைசியில் எஸ்எஸ்டியின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். மறந்தால் அந்த இடம் ஹார்ட் டிஸ்க்கிலேயே விழலாம். கேஷ் பெயருக்குத்தான் இருக்கும். பிறகு எல்விகன்வர்ட்டில் அந்த 200 ஜிபியைக் கேஷ்வால் (கேஷாக வேலை செய்யும் வால்யூம்) என்று ஹார்ட் டிஸ்க் வால்யூமோடு இணைத்தால் முடிந்தது.

எஸ்எஸ்டியிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒருசேர எழுதும் ரைட்த்ரூதான் டீஃபால்ட், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எஸ்எஸ்டியில் எழுதி, பிறகு ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பும் ரைட்பேக், எழுதுவதை வேகமாக்கும். ஆனால் எஸ்எஸ்டி செத்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் போகாத டேட்டாவும் போச்சு. 2018 கஜா புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த டெல்டாவில், யுபிஎஸ்ஸும் பேக்கப்பும் இல்லாமல் ரைட்பேக்கைத் தொடவே கூடாது.

சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்குக் கேஷ் போடுவதானால், டெபியனிலும் உபுண்டுவிலும் கேஷைச் சரிபார்க்கும் கருவி அடங்கிய தின் ப்ரொவிஷனிங் டூல்ஸ் பேக்கேஜை முதலில் நிறுவுங்கள். இல்லாவிட்டால் பூட் நின்றுவிடலாம்.

முதல்முறை திறக்கும் படம் வேகமாக வராது. திரும்பத் திரும்பத் தொடும் கேட்டலாக், தம்ப்நெயில் போன்றவைதான் பறக்கும். மணிக்கணக்கான முகூர்த்த வீடியோவை ஒரே மூச்சில் காப்பி எடுப்பவருக்கு இது வெட்டிச் செலவு. பிடிக்கவில்லையா? எல்விகன்வர்ட்டில் அன்கேஷ் கொடுத்தால் பழையபடி டிஸ்க் மட்டும் நிற்கும்.