மெயில் மென்பொருள் ஹேங் ஆகிறதா: சரிசெய்வதா, புது ப்ரொஃபைலா, பேசாமல் உலாவிக்கே போய்விடுவதா?

பதினொரு வருட மெயில். அதில் பெரும்பாலானவற்றை நான் அழித்ததே இல்லை. அழித்தவையும்கூட உண்மையில் அழியவில்லை என்பது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். எப்படியோ, ஒரு மெயிலைச் சொடுக்கினால் ஜன்னல் வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று நிற்பதும், எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்தால் தானாகத் தெளிவதும் தினசரி வழக்கமாகிவிட்டது. இருக்கிற மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டு நான் புது ப்ரொஃபைலில் (மென்பொருள் உங்கள் கணக்குகளையும் அமைப்புகளையும் மெயில்களையும் சேர்த்து வைக்கும் தொகுப்பு) வந்து நின்றேன். அதனால் இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த வழி என்று யோசிக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்து ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஹேங் ஆகும் அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் ஓடினால், மெயில் கோப்பையோ ஆன்ட்டிவைரஸையோ சந்தேகிக்கலாம். பிராசஸர் மட்டும் எகிறினால் தேடல் அட்டவணை அல்லது ஏதாவது ஆட்-ஆன் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்). இரண்டுமே சும்மா இருக்க, மென்பொருள் மட்டும் முழித்துக்கொண்டு நின்றால், அது பெரும்பாலும் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கிறது. அடுத்து சேஃப் மோடில், அதாவது ஆட்-ஆன்கள் இல்லாமல், திறந்து பாருங்கள். அவுட்லுக் என்றால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி திறக்க வேண்டும். தண்டர்பேர்டு என்றால் ஷிஃப்ட் விசை. அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் ஆட்-ஆன்தான். அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது, மீதியைப் படிக்கவே தேவையில்லை.

எனக்கு டிஸ்க். ஆகவே முதலில் சரிசெய்யத்தான் பார்த்தேன். பெரும்பாலானோர் செய்வதும் இதுதான், அதில் தப்பில்லை. தண்டர்பேர்டில் ஃபோல்டரின் பண்புகளுக்குள் ‘ரிப்பேர்’ பொத்தான் இருக்கிறது. அது அட்டவணைக் கோப்பை, அதாவது ஃபோல்டரில் உள்ள மெயில்களின் பட்டியலை, புதிதாக எழுதும். அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்புக்கு ஸ்கேன்பிஎஸ்டி என்ற கருவி உண்டு. இரண்டுமே சிதைந்ததைச் சரிசெய்யும். ஆனால் கோப்பு சிதையாமல் வெறுமனே பெருத்துப் போயிருந்தால் இவற்றால் பெரிய பலன் இல்லை. எனக்கு ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதைதான்.

உலாவி வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கணக்கு ஒன்றே ஒன்று, இணையம் எப்போதும் இருக்கும், பழைய மெயிலைத் தோண்டும் வேலையும் குறைவு என்றால் யோசிக்காமல் அங்கே போய்விடுங்கள். தேடல் சர்வரிலேயே நடப்பதால் உங்கள் கணினி பழசாக இருந்தாலும் கவலையில்லை. எனக்கு நான்கு கணக்குகள். நான்கு டேப்களுக்கு இடையே ஓடுவது மூன்றாவது நாளே சலித்துவிட்டது. வேறொரு மென்பொருளுக்குத் தாவுவதும் ஒரு வழிதான், ஆனால் பழைய மூட்டையை அப்படியே அதற்குள் இறக்கினால் வீடு மாறினாலும் சுமை மாறவில்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த பராமரிப்பு விஷயம். நிறைய மென்பொருள்கள் ஒரு ஃபோல்டரின் மெயில்கள் மொத்தத்தையும் ஒரே கோப்பில்தான் சேர்த்து வைக்கின்றன. தண்டர்பேர்டு வழக்கமாகப் பயன்படுத்தும் எம்பாக்ஸ் வடிவம் அப்படிப்பட்டது. அவுட்லுக்கின் பிஎஸ்டியோ எல்லா ஃபோல்டர்களையும் ஒரே கோப்பில் அடைக்கும். எம்பாக்ஸில் ஒரு மெயிலை அழித்தால் ‘இது அழிக்கப்பட்டது’ என்ற குறி மட்டும்தான் விழுகிறது. எழுத்துகள் அங்கேயே கிடக்கும். ‘காம்பாக்ட்’ செய்தால்தான் அவை நிஜமாகப் போகும். வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் இதே கதை. பழைய இடத்தில் ஒரு பிணம் கிடக்கும். என் இன்பாக்ஸில் கண்ணுக்குத் தெரிந்த மெயில்கள் 4 ஜிபிகூட இல்லை, கோப்பு மட்டும் 9 ஜிபி. சரி, காம்பாக்ட் செய்யலாம் என்று போனால் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. அது மிச்சமிருக்கும் மெயில்களைப் புதிய கோப்பில் எழுதி முடித்த பிறகுதான் பழையதை நீக்கும். அதற்கு டிஸ்கில் காலி இடம் வேண்டும். எனக்கு இல்லை. பாதியில் நின்றுவிட்டது.

இதோடு ஆன்ட்டிவைரஸும் சேர்ந்துகொள்கிறது. ஒரு சின்ன மெயில் வந்தாலே அந்தப் பெரிய கோப்பு மாறிவிட்டதாகத்தான் அதற்குத் தெரியும். உடனே ஸ்கேன் செய்யக் கிளம்பலாம். அதைவிட மோசம், ஒரே ஒரு இணைப்பில் வைரஸ் இருந்தால் சில வேளைகளில் இன்பாக்ஸ் கோப்பு முழுவதையும் தூக்கித் தனிமைப்படுத்திவிடும். ப்ரொஃபைல் ஃபோல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்கி வைக்கலாம். ஆனால் இணைப்புகளைக் கண்டபடி திறக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

பெரிய கோப்பைச் சரிசெய்தால் அது மறுபடியும் பெரிய கோப்பாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் வந்து நிற்போம். புது ப்ரொஃபைலில் அந்தக் கோப்பே சின்னதாகத் தொடங்குகிறது. ஐமேப் கணக்கு என்றால் மூல மெயில்கள் சர்வரில் இருக்கும். சமீபத்தியவற்றை மட்டும் கணினிக்கு இறக்கச் சொல்லலாம். தண்டர்பேர்டில் எத்தனை நாள் மெயில் என்று குறிப்பிடலாம். அவுட்லுக்கில் எக்ஸ்சேஞ்ச் (அலுவலகங்களில் புழங்கும் மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்) கணக்குக்கு எத்தனை மாதம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டை இருக்கிறது. நான் ஆறு மாதம் வைத்தேன். அதற்கு முந்தையவற்றை வருடத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்துவிட்டேன். 2016-இன் ஃபோல்டரில் இனி எதுவும் மாறப்போவதில்லை, அதைக் காம்பாக்ட் செய்யும் வேலையும் இல்லை. மாறிக்கொண்டே இருப்பது இன்பாக்ஸ் மட்டும்தான். மாதம் ஒருமுறை காம்பாக்ட் போட்டால் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

பிஎஸ்டி வைத்திருப்பவர்கள் கோப்பு அளவின் உச்சவரம்பை நம்பி இருக்க வேண்டாம். அவுட்லுக் 2010 முதல் இயல்பாக 50 ஜிபி வரை அனுமதி, அதற்கு முந்தைய 2003, 2007 பதிப்புகளில் 20 ஜிபி. அனுமதி இருக்கிறதே என்று அதுவரை நிரப்பினால் வேகம் அதற்கு வெகு முன்பே போய்விடும்.

புது ப்ரொஃபைலில் இழப்பும் உண்டு. வடிகட்டி விதிகள், கையொப்பங்கள், சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் திரும்பப் போட வேண்டும். எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. பாப்3 (மெயிலைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கி வைக்கும் பழைய முறை) கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து அதைவிடப் பெரியது. மெயில் சர்வரிலிருந்து இறங்கியதும் அங்கே நீக்கப்படும்படி அமைத்திருந்தால், பழைய ப்ரொஃபைலில் இருப்பதுதான் ஒரே பிரதி. அதைத் தொடும் முன் மென்பொருளை மூடிவிட்டு ஃபோல்டரை முழுதாக வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள். என் நான்கும் ஐமேப்தான், அலுவலக எக்ஸ்சேஞ்ச் கணக்கில் இதைச் செய்த அனுபவமும் இல்லை. அங்கே நிர்வாகியைக் கேட்டுவிட்டுக் கை வைப்பது நல்லது.

மாறி எட்டு மாதமாகிறது. இரண்டு முறை ஹேங் ஆனது, இரண்டுமே இணையம் தடுமாறிய நேரம். பழைய 9 ஜிபி கோப்பு ஒரு வெளி டிஸ்கில் ‘தொடாதே’ என்ற பெயருடன் இருக்கிறது. இதுவரை ஒரே ஒரு முறை திறந்தேன், ஒரு பழைய ரசீதுக்காக. அந்த ரசீது புது ப்ரொஃபைலின் வருட ஃபோல்டரிலேயே இருந்தது.