கண்காட்சிக் கையேடு: அச்சா, க்யூஆரா, பார்வையாளர் பக்கமா?

பழங்காலப் புதைகாடான ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தோண்டிய தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ, கிடைத்த பொருள்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டார். 1915இல் சென்னையில் அச்சான அதை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அச்சுக் கையேட்டின் பலம் இதுதான். எண், அளவு, கிடைத்த இடம் எல்லாம் நூறு வருடம் கழித்தும் அப்படியே இருக்கும். ஆனால் அது ஆங்கிலத்தில், அறிஞர் அறிஞருக்கு எழுதியது. அந்த மண்ணின் ஆட்கள் சொல்ல அதில் ஒரு வரி இடமில்லை. வழவழ தாளில் வருகிற இன்றைய கையேடுகளிலும் அந்த இடம் இருப்பதில்லை. விலையைப் பார்த்துக் குடும்பத்தோடு வந்தவர்கள் கீழே வைத்துவிடுகிறார்கள்.

க்யூஆர் மலிவு. பிழையை அன்று இரவே திருத்தலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம், குரலில் கேட்கலாம், சைகை மொழிக் காணொளியும் வைக்கலாம். கடைசியாகச் சொன்னதை எந்தப் புத்தகமும் தராது. ஆனால் பல இடங்களில் ஸ்கேன் செய்தால் வருவது அச்சுப் புத்தகத்தின் பிடிஎஃப்தான். அதற்கு எதற்கு இந்தக் கட்டம்? பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவருக்கு அதுவும் இல்லை. பார்வையற்றவருக்குக் கட்டம் எங்கே ஒட்டியிருக்கிறது என்றே தெரியாது. எல்லாப் பேழையிலும் ஒரே உயரத்தில், விரலுக்குத் தட்டுப்படும் மேடான விளிம்போடு வைத்தால் அந்தச் சிக்கல் தீரும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் இருக்கின்றன. கையேடு முடிந்தபிறகு அவர்களைத் திறப்பு விழாவுக்கு அழைப்பதைவிட, முதல் வரைவிலேயே உட்கார வைப்பது நல்லது. பிரெய்ல் பிரதியும் வேண்டும், குரலும் வேண்டும். நடுவயதில் பார்வை போனவர் பலருக்குப் பிரெய்ல் வாசிக்கத் தெரியாது.

மூன்றாவது, பார்வையாளரும் எழுதும் கையேடு. என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு. வாசலில் நோட்டை வைத்து ‘கருத்து எழுதுங்கள்’ என்றால் ‘மிக நன்று’ என்றுதான் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். அகழாய்வில் கிடைக்கும் கறுப்பு சிவப்புப் பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே கறுத்து வெளியே சிவந்தது என்பது ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். காருகுறிச்சியில் பானை சுடுகிறவரிடம் அந்தப் பானையைக் காட்டி, ‘நீங்கள் எப்படி அடுக்குவீர்கள், எந்த விறகு?’ என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். எழுதச் சொல்லாமல் குரலாகப் பதிந்தால் போதும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களுக்கும் இதே வழிதான்.

சரி, ஒருவர் வந்து ‘இது பாண்டிய ராஜா சாப்பிட்ட பானை’ என்று சொன்னால்? அருங்காட்சியகத்தின் குறிப்பு ஒரு நிறத்தில், பார்வையாளர் சொன்னது வேறு நிறத்தில், சம்மதித்தால் பெயர், ஊர், தொழிலோடு இருக்கட்டும். வாராவாரம் படித்துப் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தை ஒதுக்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களையும் வைத்திருக்கும் திருநெல்வேலி ரெட்டியார்பட்டி பொருநை அருங்காட்சியகம் போன்ற இடத்தில் மூன்றையும் ஒரே தொடராகச் செய்யலாம். எண்ணும் அளவும் மெல்லிய தமிழ்ப் புத்தகத்தில், மற்றதெல்லாம் போனில். போன் இல்லாதவருக்கு நுழைவுச்சீட்டுத் தரும் இடத்தில் ஒரு ஒலிக்கருவி. வருடத்துக்கு ஒருமுறை, பார்வையாளர் சொன்னதில் தேறியதைப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் சேர்த்து, சொன்னவர் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். தபால் செலவு அருங்காட்சியகத்துடையது.