ஆக்சிஜனைக் குறைப்பதா, திரவத்தில் ஆன்டிஆக்சிடன்ட் கலப்பதா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க, சித்தி மகள் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி வளர்க்கும் இரண்டு ஐ.வி.எஃப் மையங்களின் கையேடுகளை மேசைமேல் விரித்தாள். ஒன்றில் ‘5 சதவீத ஆக்சிஜன் இன்குபேட்டர்’, அதாவது கருவை வைத்து வளர்க்கும் பெட்டி. இன்னொன்றில் ‘ஆன்டிஆக்சிடன்ட் கலந்த வளர்ப்புத் திரவம்’, அதாவது ஆக்சிஜனால் வரும் சேதத்தைத் தடுக்கும் பொருள் சேர்த்தது. “எது நல்லதுக்கா?”

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம்; கருக்குழாய்க்குள் 2 முதல் 8 சதவீதம்தான். அங்கே வளரவேண்டிய கருவை வெளிக்காற்றின் அளவில் வைத்தால், ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரியான பொருள்கள் அதற்குள் மிகுந்து டி.என்.ஏ.வையும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் பதம் பார்க்கும். தன் மரபணுக்கள் முழுதாய் விழிக்க, கரு நான்கு முதல் எட்டு செல் நிலைக்கு வரவேண்டும். அதுவரை முட்டையோடு வந்த குளுட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட்தான் அதற்குக் கட்டுச்சோறு.

என் ஓட்டு முதல் கையேட்டுக்கு. சேதத்தின் ஊற்றையே அது சுருக்குகிறது. மனிதக் கருக்களில் சான்றும் இதற்கே கூடுதல். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2012இல் வந்த காக்ரேன் மீளாய்வின் கணக்குப்படி, உயிரோடு குழந்தை பிறக்கும் விகிதம் 30 சதவீதமாக உள்ள மையத்தில் அது 32 முதல் 42 வரை உயரலாம். ஆக்சிஜனைக் குறைக்கப் பெட்டிக்குள் செலுத்தும் நைட்ரஜன் வாயுவுக்குத் தொடர்ந்து காசு செலவாகும், அவ்வளவுதான். ஆனால் பெட்டியின் கதவை அடிக்கடி திறந்தால் எல்லாம் வீண். கரு இருக்கும் தட்டை வெளியே எடுக்காமலே படம்பிடிக்கும் டைம்லாப்ஸ் கருவி இதற்குத்தான் உதவுகிறது.

இரண்டாவதை ஒதுக்கவும் மனம் வரவில்லை. அசிட்டைல் கார்னிடைன், அசிட்டைல் சிஸ்டீன், லிப்போயிக் அமிலம் என்ற மூன்று ஆன்டிஆக்சிடன்ட்களும் சேர்ந்த கலவை எலிக் கருக்களில் நன்றாக வேலை செய்தது. இதே கலவையை வைத்து ஜப்பானிய மையங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் கருவின் தரம் மொத்தத்தில் பெரிதாக மாறவில்லை. 35 முதல் 40 வயதுப் பெண்களிடம் மட்டும் கரு பதியும் விகிதம் கூடியது. சித்தி மகளுக்கு 37. அதனால்தான் தயங்குகிறேன்.

அதற்காக ஆன்டிஆக்சிடன்டை அள்ளிக் கொட்டவும் கூடாது. கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் செல்களுக்குள் செய்தி கடத்தவும் தேவை. இரும்பு அயனிகள் இருக்கும் இடத்தில் வைட்டமின் சி எதிராகவே திரும்பும்.

இன்னொரு ஆன்டிஆக்சிடன்டான கோ என்சைம் க்யூ 10 மாத்திரை? அது முட்டை எடுக்கும் முன் தாய் விழுங்குவது. தட்டில் கிடக்கும் கருவுக்கு நேரடியாகக் கொடுப்பதல்ல.

சரி, இரண்டு மையத்திலும் ஒரே கேள்வியைக் கேள் என்றேன். “5 சதவீத ஆக்சிஜன், முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைக்குமா, பாதியிலிருந்தா?” கையேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.