சென்னை மெட்ரோ, இரவு 10 மணிக்கு மேல்: ஒரு வெளியூர்ப் பயணியின் மதிப்பீடு

கோயம்புத்தூரில் வசிக்கும் நான் அலுவலகப் பணி நிமித்தம் ஏறக்குறைய மாதம் ஒருமுறை சென்னைக்கு வந்துபோகிறேன். சில முறை ரயிலிலும் சில முறை மாலை விமானத்திலும் வருகிறேன். எப்படி வந்தாலும் வேலை முடிந்து விடுதி திரும்பும்போது பெரும்பாலும் கடைகள் மூடும் வேளையாகிவிடுகிறது. சென்னை மெட்ரோவின் வேகத்தையும் தூய்மையையும் பாராட்டிப் பலர் எழுதியிருக்கிறார்கள். தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு இரவு 10 மணிக்கு மேல் அது எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

நிலையத்துக்குள் கால் வைத்த பிறகு எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. நுழைவிடத்தில் பையைச் சோதிக்கிறார்கள். பயணச்சீட்டு இல்லாதவர் தடுப்பைத் தாண்டி நடைமேடைக்கு வர முடியாது. எங்கு நின்றாலும் கண்காணிப்புக் கேமராவின் பார்வையில்தான் நிற்கிறோம். சுரங்க நிலையங்களில் வண்டி வந்து நின்ற பிறகே திறக்கும் கண்ணாடிக் கதவுகள் இருப்பதால், நடைமேடை ஓரத்தில் கூட்டம் இடித்துத் தள்ளுமோ என்ற பயமும் இல்லை. வண்டியில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பெட்டி உண்டு. எனினும் 10 மணிக்கு மேல் அதில் இரண்டு மூன்று பேரே இருந்தால், குடும்பங்கள் அமர்ந்திருக்கும் பொதுப் பெட்டிக்கே நான் நடந்துவிடுகிறேன். வெறிச்சோடிய பெட்டியைவிட நாலு பேர் இருக்கும் பெட்டி எனக்கு நிம்மதி தருகிறது. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கலாம்.

கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடிந்துவிடுகிறது. கைபேசியில் எடுக்கும் க்யூஆர் சீட்டுக்கு 20 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. பணம் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, இரவில் கூட்டத்தின் நடுவே கைப்பையைத் திறந்து பணத்தை எண்ண வேண்டியதில்லை என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

நேர அட்டவணையைத்தான் வெளியூர்க்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். காலை 5 மணிக்குத் தொடங்கும் சேவை இரவு 11 மணி வரை என்று சொல்லப்படுகிறது. அந்த 11 மணி என்பது முனையங்களிலிருந்து கடைசி வண்டி புறப்படும் நேரம் என்பதால் இடைப்பட்ட நிலையங்களுக்கு வண்டி சற்றுப் பிந்தியே வந்து சேரும். ஆனால் 10 மணிக்கு மேல் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டிதான் என்பதால், வழியில் வண்டி மாற வேண்டியிருந்தால் அந்த இடைவெளி இரட்டிப்பாகும் வாய்ப்பும் உண்டு. விமான நிலையத்துக்கும் சென்ட்ரலுக்கும் இடையே இரண்டு வழிகள் இருக்கின்றன: நீல வழித்தடம் அண்ணா சாலை வழியாக நேராகக் கொண்டு சேர்க்கும், பச்சை வழித்தடமோ கோயம்பேடு வழியாகச் சுற்றி, பரங்கிமலையில் முடியும் என்பதால் ஆலந்தூரில் இறங்கி மாற வேண்டும். பகலில் தவறான வண்டியில் ஏறிவிட்டால் அரை மணி நேரம்தான் வீணாகும், இரவு 10.40-க்கு அதே தவறைச் செய்தால் கடைசி வண்டியையே இழக்க நேரிடும். விமான நிலையத்திலிருந்து எழும்பூருக்குப் போகிறவர்கள் சென்ட்ரலில் மாறி ஒரு நிலையம் மட்டும் போக வேண்டியிருப்பதால், அவர்கள் 10 மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது. கோயம்புத்தூரிலிருந்து பிற்பகலில் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸ் சென்ட்ரலை அடைவதே 11 மணியை ஒட்டித்தான்; அதில் வருபவர்கள் கடைசி மெட்ரோவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மெட்ரோவின் பொறுப்பு வாயிற்படியோடு முடிந்துவிடுகிறது. இரவில் உண்மையான சிக்கல் தொடங்குவது அங்கேதான். சென்ற ஆண்டு ஆயிரம் விளக்கு பகுதியில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள், பகலில் அது உண்மையாகவும் இருந்தது. இரவு 11 மணிக்கு அதே தெருவில் எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்கியிருந்தன, விளக்குக் கம்பங்களில் பாதி எரியவில்லை, விடுதியின் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் காவலர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். அழைப்பு மணியை அழுத்திக்கொண்டு தெருவில் நின்ற அந்தப் பத்து நிமிடங்களுக்குப் பிறகு, தூரத்தை நிமிடங்களில் அளப்பதை நான் விட்டுவிட்டேன். நிலையத்தின் எந்த வாயிலில் வெளியேற வேண்டும், அங்கிருந்து விடுதி வரை வெளிச்சம் இருக்குமா, சாலையைக் கடக்க வேண்டுமா என்றுதான் இப்போது கேட்கிறேன். அண்ணா சாலை போன்ற அகன்ற சாலையில் எந்தப் பக்கம் மேலேறுகிறோம் என்பதே பாதிச் சிரமத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

11 மணிக்கு மேல் நிலைமை வேறு. தமிழ்நாடு அரசு 2013-இல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தின்படி இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு வாங்கலாம். மெட்ரோ உறங்கும் அதே ஆறு மணி நேரம்! தெருவில் நிற்கும் ஆட்டோவிடம் பேரம் பேசுவதைவிடச் செயலி வழியாக வண்டியை வரவழைப்பதே என் வழக்கம். நிலையத்தின் வெளிச்சத்துக்குள்ளேயே நின்று காத்திருந்து, வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகே ஓடிபி-யைச் சொல்லி, பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். தாம்பரம் வழித்தடத்தில் போக வேண்டியவர்களுக்குப் புறநகர் ரயில் நள்ளிரவை ஒட்டிய நேரம் வரை உண்டு. சென்ட்ரலுக்கு எதிரிலுள்ள பூங்கா நிலையத்தில் ஏறினால் மாம்பலம், கிண்டி வழியாகத் தாம்பரத்தை அடையலாம்.

அதுவும் தவறிவிட்டால் நள்ளிரவில் நகரத்தைக் கடக்க முயல்வதைவிட ரயில் நிலையத்துக்குள்ளேயே தங்கிவிடுவது மேல் என்பது என் அனுபவம். உறுதியான பயணச்சீட்டு வைத்திருப்பவர்கள் அதன் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி தளத்தில் சென்ட்ரலின் ஓய்வறையை முன்பதிவு செய்துகொள்ளலாம். ஆடம்பரம் எதிர்பார்க்க முடியாது, ஆனால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இரவு முழுவதும் இருக்கும். நள்ளிரவுக்குப் பின் விமானத்தில் இறங்குபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: அவசரம் இல்லையென்றால் முனையத்துக்குள் அமர்ந்திருந்து 5 மணி வண்டியைப் பிடிக்கலாம்.

தென்மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த மதிப்பீடு அவ்வளவாகப் பயன்படாது. அவர்கள் இறங்கும் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றிருந்தது. இடைப்பட்ட தூரத்தை மாநகரப் பேருந்தில் கடந்தால்தான் மெட்ரோவைத் தொட முடியும். நகரத்துக்கு முதன்முறையாக வருபவர்களைத் தெற்கு எல்லையில் இறக்கிவிட்டு, பாதுகாப்பான வண்டியை அதற்கு வெகு முன்னதாகவே நிறுத்திவைத்த திட்டமிடல் எனக்கு விளங்கவில்லை.

கைபேசியில் தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியை நிறுவி வைத்திருக்கிறேன். 2022-இல் வந்த இச்செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நாம் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றுவிடும். கூடவே 112, பெண்களுக்கான 181, ரயில் பயணத்துக்கான 139 ஆகிய எண்களைச் சேமித்து வைத்திருக்கிறேன். இதுவரை எதையும் அழைக்க நேரவில்லை.

ஐந்து நட்சத்திரத்தில் நான்கு தருகிறேன். குறைந்துபோன ஒன்று 11 மணிக்கு மேல் சேவை இல்லாததற்கும், வாயிலுக்கு வெளியே உள்ள இருட்டுக்குமாகச் சேர்த்து. பின்னது மெட்ரோவின் தவறு மட்டுமல்ல என்பது எனக்கும் தெரியும். அடுத்த மாதப் பயணத்துக்கு எழும்பூரில் புதிதாக ஒரு விடுதியை விசாரித்திருக்கிறேன். இரவு 11.30-க்கு வரவேற்பறையில் ஆள் இருப்பாரா என்று தொலைபேசியில் கேட்டபோது, ‘நிலையத்தை விட்டு மேலே வந்ததும் ஒரு அழைப்பு கொடுங்கள் அம்மா, பையன் வாசலில் நிற்பான்’ என்றார் மேலாளர். உடனே முன்பணம் அனுப்பிவிட்டேன்.