கலங்கல் நீரேரிக்கு எந்த வளித் திருத்தம்: அக்கொலைற்றா, சி2ஆர்சிசியா?

யாழ் நீரேரியின் கலங்கலைச் சென்ரினல்-2 என்ற ஐரோப்பியச் செய்மதியின் படத்தில் அளக்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் முதல் தலையிடி வளித் திருத்தம்தான், அதாவது காற்று சேர்த்த ஒளியைப் படத்திலிருந்து கழிப்பது. செய்மதிக்குப் போய்ச் சேரும் ஒளியில் பெரும்பங்கு காற்றும் அதில் மிதக்கும் தூசும் உப்புத் துகளும் சிதறடித்தது, நீருக்குள்ளிருந்து வருவது கொஞ்சம்தான். ஆழ்கடலில் அண்மை அகச்சிவப்பில் (சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத ஒளி) நீர் கறுப்பு என்று எடுத்துக்கொண்டு, அங்கே தெரிவதையெல்லாம் காற்றின் கணக்கில் கழித்துவிடலாம். சோளகக் காற்று அடித்து அடிச்சேறு கிளம்பிய நாளில் நீரேரிக் கரையில் அரியாலைப் பக்கம் அந்தக் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் சேறும் அந்த அலைநீளத்தில் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதையும் தூசு என்று கழித்தால் நீல அலைவரிசையில் எதிர்ப்பெறுமானம்கூட வரும்.

அக்கொலைற் பெல்ஜியத்தில் உருவான இலவச மென்பொருள். எந்த அலைவரிசை இருண்டது என்று முன்கூட்டியே முடிவு கட்டாமல், படத்திலேயே மிக இருண்ட இடங்களைத் தேடி அவற்றிலிருந்து தூசின் அளவைக் கணிக்கும். 1.6, 2.2 மைக்ரோமீற்றர் அலைநீளங்களில் நீர் ஒளியை நன்றாக உறிஞ்சிவிடுவதால் சேற்று நீரும் அங்கே ஏறக்குறைய கறுப்புத்தான், கலங்கலுக்கு இது பெரிய பலம். ஆனால் சூரிய மினுக்கம் (நீர்மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில்) விழுந்த படத்தில் கவனம் வேண்டும். மினுக்கத்தை நீக்கும் தெரிவை நாமே போட வேண்டும்.

சி2ஆர்சிசி, செய்மதிப் படங்களைக் கையாளும் ஸ்னாப் மென்பொருளுக்குள் இருக்கும் நரம்பு வலையமைப்பு, அதாவது மாதிரித் தரவுகளில் பயிற்சி பெற்ற கணினி நிரல். குளோரோபில், மிதக்கும் துகள் எல்லாம் நேரே தரும், படமும் வழவழப்பாக வரும். எனக்குப் பயமே அந்த வழவழப்பில்தான்: பயிற்சி பெற்ற எல்லையைத் தாண்டிய சேற்றுக்கும் அழகான எண் ஒன்றைத் தந்துவிடும், பெரும்பாலும் குறைத்து. காங்கேசன்துறைக்கு வெளியே தெளிந்த கடல் என்றால் சரி, நான் இதையே எடுப்பேன்.

பொலிமர் என்ற இன்னொரு திருத்த முறை மினுக்கத்தை நன்றாகச் சமாளிக்கும், கடும் சேற்றுக்கு அவ்வளவு நம்பமாட்டேன். சென்ரூகோர் என்ற திருத்த மென்பொருள் நிலப்பரப்புக்குச் செய்தது, விடுங்கள்.

நீரேரிக்குள் என் தெரிவு அக்கொலைற்தான். ஆனாலும் இவை எதுவும் நீரடித் தரையிலிருந்து வரும் ஒளியை அகற்றித் தராது. ஆழம் குறைந்த இடத்தில் வெண்மணல் சேறு மாதிரியும், கடற்புல் பாசி மாதிரியும் கணக்கில் ஏறும். செய்மதி கடக்கிற காலையில் தோணியில் போய்ச் செக்கித் தட்டை (நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் இறக்கும் வட்டத் தட்டு) இறக்குங்கள். நீரடித் தரையில் முட்டிய பிறகும் தட்டுத் தெரிகிறதென்றால் அந்த இடத்துப் பிக்சலைக் கலங்கல் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.